கேள்வி பதில்: போன் ஒட்டு கேக்குதா, இல்ல நாமளே எல்லாத்தையும் சொல்லிட்டிருக்கோமா?

போன இதழ்ல "பிரைவசி பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்க"ன்னு ஒரே ஒரு வரிதான் போட்டோம், வந்து குவிஞ்ச மெயிலை பாத்தா பாதிப் பேரு பயந்து போய் இருக்காங்க, மீதிப் பேரு "எல்லாம் எப்பவோ போயிடுச்சு, இனிமே என்னத்த பண்ண"ன்னு கைய விரிச்சுட்டாங்க. ரெண்டுமே தேவையில்லைங்கிறது என் கட்சி. கேட்டவங்க பேரு, ஊரு எதையும் போடல, இந்த தலைப்புல அதைப் போட்டா நல்லாவா இருக்கும்.

நான் எந்த தப்பும் பண்ணல, மறைக்கவும் ஒண்ணுமில்ல. என் டேட்டாவை யாரு பாத்தா எனக்கென்ன? நீங்கல்லாம் சும்மா பயமுறுத்துறீங்களோன்னு தோணுது. (ரிட்டயர் ஆன வாசகர்)

சார், பயமுறுத்துறது என் வேலை இல்ல, ஆனா 'மறைக்க ஒண்ணுமில்ல'ங்கிற இடத்துல மட்டும் உங்களோட ஒத்துப்போக முடியல. யாரும் உங்க ரகசியத்தை தேடி அலையல சார், எதுக்கும் உதவாதுன்னு நீங்க நெனைச்ச துண்டு துண்டு தகவலை எடுத்து ஒண்ணோட ஒண்ணு சேர்த்து பாக்குறாங்க.

1990கள்ல நடந்த ஒரு கதை சொல்றேன். அமெரிக்காவுல மாசச்சூசெட்ஸ் மாநிலத்துல அரசு ஊழியர்களோட ஆஸ்பத்திரி ரெக்கார்டை ஆராய்ச்சிக்குன்னு வெளிய குடுத்தாங்க, பேரு அட்ரஸ் எல்லாம் எடுத்தாச்சு, யாரையும் கண்டுபிடிக்க முடியாதுன்னு உத்தரவாதமும் குடுத்தாங்க. அப்ப எம்ஐடியில படிச்சிட்டிருந்த லதான்யா ஸ்வீனி 20 டாலர் குடுத்து கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தாங்க. மாநில கவர்னர் வில்லியம் வெல்ட் பிறந்த அதே தேதியில பிறந்தவங்க அந்த ஊர் பட்டியல்ல 6 பேரு, அதுல ஆம்பளைங்க 3 பேரு, அவரோட ஜிப் கோடுல (நம்ம பின்கோடு மாதிரி) இருந்தது அவரு ஒருத்தர்தான். முடிஞ்சுது, கவர்னரோட மருத்துவ ரெக்கார்டு கையில. அப்புறம் 2000ல அவங்களே கணக்கு போட்டு சொன்னது, பிறந்த தேதி, ஆணா பெண்ணா, ஜிப் கோடு, இந்த மூணு இருந்தா அமெரிக்க மக்கள்ல 87 சதவீதம் பேரை தனியா அடையாளம் காட்டிடலாமாம். இந்த மூணுல எது சார் ரகசியம்?

இன்னொண்ணு, கார் ஓட்டுறதுல மறைக்க என்ன இருக்கு? ஆனா 2024ல வெளிய வந்த விஷயம், ஜெனரல் மோட்டார்ஸ் தன்னோட கார்கள்ல இருந்து யாரு எத்தனை தடவை சடன் பிரேக் போட்டாங்க, என்ன ஸ்பீடுல போனாங்க, எந்த நேரத்துல ஓட்டுனாங்கன்னு எடுத்து டேட்டா கம்பெனிகளுக்கு குடுத்திருக்கு, அங்கேருந்து அது இன்சூரன்ஸ் பக்கம் போயிருக்கு, சிலருக்கு பிரீமியம் ஏறினதுக்கு அப்புறம்தான் ஏன்னு தோண்டிப் பாத்து கண்டுபிடிச்சாங்க. 2025 ஜனவரியில அந்த ஊரு வர்த்தக ஆணையம் தலையிட்டு 5 வருஷத்துக்கு அப்படி குடுக்கக்கூடாதுன்னு ஒப்புக்க வெச்சுது. உங்களைப் பத்தி ஒரு முடிவை எங்கயோ உக்காந்து எடுக்குறாங்க, எதை வெச்சு எடுத்தாங்கன்னு உங்களுக்கு தெரியாது, தப்புன்னாலும் திருத்த முடியாது. எனக்கு உறுத்துறது அந்த இடம்தான்.

மெத்தை வாங்கணும்னு பிரெண்டுகிட்ட வாயால பேசினேன், எங்கயும் தேடல, டைப் பண்ணல. அரை மணி நேரத்துல மெத்தை விளம்பரம்! போன் ஒட்டு கேக்குதுன்னு நான் சொன்னா வீட்ல சிரிக்கிறாங்க. நீங்களே சொல்லுங்க. (கல்லூரி மாணவி)

இதே கேள்வி, மெத்தைக்கு பதிலா ஷூ, டூர், பூனைக்குட்டின்னு மாத்தி மாத்தி நிறைய பேரு அனுப்பியிருக்காங்க. 2018ல நார்த்ஈஸ்டர்ன் யுனிவர்சிட்டி ஆளுங்க 17,000க்கும் மேல ஆண்ட்ராய்டு ஆப்களை எடுத்து, எது என்ன வெளிய அனுப்புதுன்னு பாத்தாங்க. மைக்கை தானா திறந்து பேச்சை அனுப்புன ஆப் ஒண்ணு கூட சிக்கல. ஆனா வேற ஒண்ணு சிக்குச்சு, சில ஆப்கள் நாம ஸ்கிரீன்ல என்ன பண்றோம்ங்கிறதை அப்படியே வீடியோவா, ஸ்கிரீன்ஷாட்டா எடுத்து மூணாவது கம்பெனிக்கு அனுப்பிட்டிருந்துச்சு. எல்லாரும் மைக்கை முறைச்சு பாத்துட்டிருந்தோம், திருடு நடந்தது ஸ்கிரீன்ல.

அப்ப மெத்தை எப்படி வந்துச்சு? நீங்க தேடல சரி, உங்க பிரெண்டு? பேச்சு மெத்தை பக்கம் வந்ததே அவங்க ரெண்டு நாளா அதை தேடிட்டிருந்ததாலயா கூட இருக்கலாம். நீங்க ரெண்டு பேரும் ஒரே வைஃபையில இருந்தீங்கன்னா வெளிய இருந்து பாக்குறவனுக்கு ரெண்டு போனும் ஒரே ஐபி அட்ரஸ்ல தெரியும், லொகேஷனும் ஒண்ணு, ஒருத்தர் நம்பர் இன்னொருத்தர் கான்டாக்ட்ல இருக்கு, ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. இவ்வளவு இருந்தா "அவங்களுக்கு காட்டுனதை இவங்களுக்கும் காட்டு"ன்னு முடிவு பண்ண மைக் எதுக்கு? இது போக, அன்னிக்கு நீங்க பாத்த விளம்பரம் எத்தனையோ இருக்கும், மத்ததெல்லாம் கண்ணுலயே படல, மெத்தை மட்டும் பளிச்சுனு பட்டுச்சு.

அதுக்காக மைக் பரம யோக்கியன்னு சர்டிபிகேட் குடுக்கல. வாய்ஸ் அசிஸ்டென்ட்கள் தன்னை கூப்பிட்டதா தப்பா நெனைச்சு முழிச்சுக்கிட்டு பதிவு பண்ணினது உண்டு, ஆப்பிளோட அசிஸ்டென்ட் 'சிரி' அப்படி பண்ணுச்சுன்னு போட்ட வழக்கை ஆப்பிள் 9.5 கோடி டாலர் குடுத்து முடிச்சுக்க ஒத்துக்கிட்டது (தப்பை ஒத்துக்கல, பணத்தை மட்டும் ஒத்துக்கிட்டாங்க). புது ஆண்ட்ராய்டு போன்ல மைக் ஓடினா மேல பச்சை புள்ளி வரும், ஐபோன்ல ஆரஞ்சு. அதை கவனிங்க.

செய்ய வேண்டிய வேலை ரெண்டு நிமிஷம். ஒவ்வொரு போனுக்கும் விளம்பரத்துக்குன்னே ஒரு ஐடி இருக்கு, எல்லா ஆப்பும் அதை வெச்சுதான் "இவங்களும் அவங்களும் ஒரே ஆள்"னு சேர்க்குது. ஆண்ட்ராய்டா இருந்தா செட்டிங்ஸ்ல பிரைவசிக்குள்ள போய் ஆட்ஸ், அங்க 'டிலீட் அட்வர்டைசிங் ஐடி'ன்னு இருக்கும், அமுக்கிடுங்க (சில போன்ல கூகுள்ங்கிற பகுதிக்குள்ள ஒளிஞ்சிருக்கும்). ஐபோன்ல பிரைவசிக்குள்ள டிராக்கிங், அங்க ஆப்கள் அனுமதி கேக்குறதையே ஆஃப் பண்ணிடலாம். விளம்பரம் நிக்காது, வந்துகிட்டுதான் இருக்கும், உங்களை முன்ன மாதிரி துல்லியமா குறி வைக்க முடியாது.

இன்காக்னிட்டோ மோடுல பாத்தா யாருக்கும் தெரியாதுல்ல? (ஒரு வரி கேள்வி, ஆளு யாருன்னு சொல்லல, இவரு பொழைச்சுக்குவாரு)

அது நீங்க பாத்த சைட் பட்டியலை போன்ல சேர்த்து வைக்காத மோடு, அவ்வளவுதான், அதனால அதே போனை அடுத்து எடுத்து பாக்குறவங்களுக்கு தெரியாது. நெட் கனெக்ஷன் குடுக்குறவங்களுக்கு, ஆபீஸ் நெட்வொர்க்குக்கு, நீங்க போன சைட்டுக்கு எல்லாம் தெரியும். பூனை கண்ணை மூடிக்கிட்ட கதைதான். இதை வெச்சு 2020ல கூகுள் மேல அமெரிக்காவுல வழக்கு போட்டாங்க, 2024ல சமரசம் ஆகி, இன்காக்னிட்டோவுல சேர்ந்த கோடிக்கணக்கான ரெக்கார்டை அழிக்கிறோம்னு கூகுள் ஒத்துக்கிட்டது. அழிக்கிற அளவுக்கு சேர்த்திருக்காங்கன்னா பாத்துக்கங்க.

எதை எடுத்தாலும் போன் நம்பர் கேக்குறாங்க. பில் போட நம்பர், வைஃபைக்கு நம்பர், அக்கவுண்ட்டுக்கு பாதுகாப்புன்னு நம்பர். ஒரு நம்பர்ல அப்படி என்ன இருக்கு? (கணக்கு டீச்சர்)

டீச்சர், நீங்க கணக்கு எடுக்குறவங்க, உங்களுக்கு சொன்னா உடனே புரியும். பத்து இடத்துல பத்து பட்டியல் இருக்கு, ஒண்ணுல நீங்க வாங்குன மருந்து, ஒண்ணுல நீங்க பாக்குற வீடியோ, ஒண்ணுல உங்க வீட்டு அட்ரஸ். தனித்தனியா இருக்குற வரைக்கும் அதுல பெரிசா ஒண்ணுமில்ல. பத்துலயும் ஒரு விவரம் மட்டும் பொதுவா இருந்தா எல்லாத்தையும் ஒரே பட்டியலா இணைச்சிடலாம், அந்த பொது விவரம் உங்க நம்பர். பேரு மாதிரி இல்ல, உலகத்துல ஒருத்தருக்குத்தான் ஒரு நம்பர், அதையும் நாம வருஷக்கணக்கா மாத்துறதில்ல. கடைக்காரங்க கஸ்டமர் நம்பர் பட்டியலை விளம்பர கம்பெனியில ஏத்தி "இவங்களுக்கு காட்டு"ன்னு சொல்றது தினமும் நடக்குற வியாபாரம். நம்பரை அப்படியே குடுக்கல, ஹாஷ் பண்ணித்தான் (ஒரு கணக்கு போட்டு வேற எழுத்துக் கோர்வையா மாத்தித்தான்) குடுக்குறோம்னு சொல்வாங்க, ஆனா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஹாஷ் பண்ணா ஒரே விடைதான் வரும், அதனாலதானே பொருத்தி பாக்கவே முடியுது.

எனக்கு உண்மையிலேயே கோவம் வந்தது இன்னொரு விஷயத்துல. அக்கவுண்ட்டை யாரும் திருடக்கூடாதுன்னு டூ ஃபேக்டருக்காக (பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்குற பாதுகாப்பு) ஜனங்க நம்பி குடுத்த நம்பரை ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு பயன்படுத்துனதை 2018ல ஆராய்ச்சியாளர்கள் வெளிய கொண்டாந்தாங்க, 2019ல ஃபேஸ்புக் மேல விழுந்த 500 கோடி டாலர் அபராத உத்தரவுல அப்படி இனிமே பண்ணக்கூடாதுன்னும் ஒரு ஷரத்து இருக்கு. ட்விட்டரும் இதையே பண்ணி 2022ல 15 கோடி டாலர் கட்டுச்சு. ஜாக்கிரதையா இருந்தவங்களைத்தான் இதுல ஏமாத்தியிருக்காங்க, அலட்சியமா விட்டவங்களை இல்ல.

அதனால டூ ஃபேக்டர் வேணாம்னு விட்டுடாதீங்க, கண்டிப்பா வேணும். எஸ்எம்எஸ்க்கு பதிலா ஆதென்டிகேட்டர் ஆப் (அந்த கோடை போன்லயே உருவாக்குற ஆப்) வெச்சுக்கங்க, நம்பரும் குடுக்க வேணாம், சிம் ஸ்வாப் தொல்லையும் இல்ல. 2019ல ட்விட்டர் தலைவரா இருந்த ஜாக் டோர்சி அக்கவுண்ட்டையே அவரோட நம்பரை வேற சிம்முக்கு மாத்தி எடுத்துட்டாங்க, நாமல்லாம் எந்த மூலைக்கு. பில் கவுண்ட்டர்ல கேட்டா "நம்பர் இல்லாம போடுங்க"ன்னு சொல்லிப் பாருங்க, பெரும்பாலும் போடுவாங்க, கேக்குறவருக்கும் அது வெறும் பழக்கம்தான், அவர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க.

வாட்ஸ்ஆப்ல எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் இருக்குன்னு போட்டிருக்கு. அப்ப அதுல என்ன வேணா பேசலாமா? (ஆபீஸ்ல வேலை பாக்குற வாசகர்)

2016ல இருந்து இருக்கு, நல்ல என்கிரிப்ஷன்தான், நடுவுல இருக்குறவங்க மெசேஜை படிக்க முடியாது. ஆனா யாரு யார்கிட்ட, எப்ப, எத்தனை தடவைங்கிறது வேற கணக்கு, அதுக்கு பேரு மெட்டாடேட்டா. நீங்க ஆபீஸ்ல வேலை பாக்குறவருன்னு எழுதியிருக்கீங்க, ஒரு வாரமா தினமும் சாயங்காலம் போட்டி கம்பெனி எச்ஆர் கூட பத்து பத்து மெசேஜ், அடுத்த நாள் தொழிலாளர் வக்கீலுக்கு ஒரு கால், அன்னிக்கே ராத்திரி வீட்டுக்கு வழக்கத்தை விட நீளமா ஒரு கால். ஒரு வார்த்தை படிக்காமலே கதை புரியுதுல்ல? அமெரிக்க உளவு அமைப்புகள் சிஐஏ, என்எஸ்ஏ ரெண்டுக்கும் தலைவரா இருந்த மைக்கேல் ஹேடன் 2014ல ஒரு மேடையில, மெட்டாடேட்டாவை வெச்சு ஆளையே கொல்றோம்னு பச்சையா சொன்னாரு. அந்த அளவுக்கு நாம முக்கியஸ்தர் இல்ல, ஆனாலும் மெட்டாடேட்டாதானேன்னு தள்ளிவிடுறது சரியில்ல.

சிக்னல் ஆப் இந்த விஷயத்துல கொஞ்சம் வித்தியாசம். 2016ல அமெரிக்காவுல கோர்ட்டு மூலமா ஒருத்தரோட விவரம் கேட்டப்ப, அக்கவுண்ட் எப்ப ஆரம்பிச்சாங்க, கடைசியா எப்ப கனெக்ட் ஆனாங்க, இந்த ரெண்டைத்தான் அவங்களால குடுக்க முடிஞ்சுது, வேற எதையும் சேர்த்தே வைக்கல. யாரு கேட்டாலும் தர மாட்டோம்னு வீரம் பேசுறதை விட இது எனக்கு புடிச்சிருக்கு.

ஒண்ணு மட்டும் இன்னிக்கே பாருங்க. வாட்ஸ்ஆப் செட்டிங்ஸ்ல சாட்ஸ், அதுல சாட் பேக்கப், அங்க எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப் ஆன்ல இருக்கான்னு. அது தானா ஆன் ஆகி இருக்காது. மெசேஜ் எல்லாம் பத்திரமா பூட்டி அனுப்பிட்டு, ராத்திரி மொத்தத்தையும் கூகுள் டிரைவ்லயோ ஐகிளவுட்லயோ அந்த பூட்டு இல்லாம கொட்டி வெச்சிட்டிருப்போம். பாஸ்வேர்டு போட்டா மறந்துடாதீங்க, மறந்தா கம்பெனியாலயே திறக்க முடியாது.

கல்யாணமாகி கொஞ்ச நாள்தான் ஆகுது. வீட்டுக்காரர் எப்பவும் லொகேஷன் ஷேர் பண்ணியே வெக்க சொல்றாரு, போன் பாஸ்வேர்டும் கேக்குறாரு. குடுக்கலைன்னா தப்பா நெனைப்பாரோன்னு பயமா இருக்கு. இது பிரைவசி கேள்வியா இல்ல குடும்ப கேள்வியான்னே தெரியல. (வாசகி)

பிரைவசி கேள்விதாம்மா, சந்தேகமே வேணாம். கம்பெனிங்க டேட்டா எடுக்குறதை பத்தி பக்கம் பக்கமா எழுதுறோம், ஆனா நெறைய பேருக்கு நிஜமான கண்காணிப்பு பக்கத்து நாற்காலியில இருந்துதான் வருது.

ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குறதுக்காக லொகேஷன் ஷேர் பண்றது தப்பில்ல, எங்க இருக்கேன்னு போன் போட்டு கேக்குறதுக்கு பதிலா அதை பாத்துக்கறாங்க. நான் ரெண்டு விஷயம் பாப்பேன். அவரும் உங்களுக்கு அதே மாதிரி ஷேர் பண்றாரா? நீங்க ஒரு நாள் ஆஃப் பண்ணி வெச்சா வீட்ல என்ன நடக்கும்? ரெண்டாவது கேள்விக்கு பதில் யோசிக்கும்போதே வயித்தை கலக்குதுன்னா அது அக்கறை இல்ல. பாஸ்வேர்டு விஷயத்துல "என் போன்ல என்னோட விஷயம் மட்டும் இல்ல, என் பிரெண்டு அவ கஷ்டத்தை என்னை நம்பி எழுதியிருக்கா, அதை காட்ட எனக்கு உரிமை இல்ல"ன்னு சொல்லிப் பாருங்க, அது சாக்கு இல்ல, நிஜமாவே அப்படித்தான்.

உங்களுக்கு தெரியாம போன்ல ஏதாவது போட்டிருக்காங்கன்னு சந்தேகம் வந்தா அவசரப்பட்டு உடனே அழிச்சிடாதீங்க. கண்காணிக்கிறவருக்கு அது உடனே தெரிஞ்சுடும், சில வீடுகள்ல அந்த நேரம்தான் ரொம்ப ஆபத்தான நேரம். நம்பிக்கையான ஒருத்தர் போன்ல இருந்து பெண்கள் உதவி அமைப்பு எதையாவது கேட்டுட்டு அப்புறமா பண்ணுங்க. பையில, வண்டியில ஏர்டேக் மாதிரி எதையாவது ஒளிச்சு வெச்சாங்கன்னா 2024 மே மாசத்துல இருந்து ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும் "தெரியாத டிராக்கர் உங்க கூடவே வருது"ன்னு எச்சரிக்கை வர்ற ஏற்பாடு இருக்கு. அப்படி ஒரு நோட்டிபிகேஷன் வந்தா தள்ளிவிட்டுடாதீங்க. உங்களுக்கு தனியா ஒரு மெயில் அனுப்பியிருக்கேன், முடிஞ்சப்ப பாருங்க.

பேரன் போட்டோ எல்லாம் போட்டுட்டு இருக்கேன், மருமகள் வேணாம்ங்கிறா. தாத்தாவுக்கு அந்த உரிமை கூட இல்லையா? (தாத்தா)

மருமகள் பக்கம்தான் நான், கோவிச்சுக்காதீங்க ஐயா. முகத்தை விட பின்னாடி இருக்குறதை பாருங்க, ஸ்கூல் யூனிபார்ம், வீட்டு வாசல் நம்பர், "இன்னிக்கு எங்க செல்லத்துக்கு 5 வயசு"ன்னு ஒரு வரி. பிறந்த தேதி ஆச்சு, படிக்கிற இடம் ஆச்சு, வீடு ஆச்சு, பேரும் கமெண்ட்ல வந்துடும். முதல் கேள்விக்கு சொன்ன கவர்னர் கதையை ஒரு தடவை படிங்க, அவரை கண்டுபிடிக்க கூட இவ்வளவு தகவல் தேவைப்படல.

போட்டோ ஃபைலுக்குள்ளயே எடுத்த இடம் ஒளிஞ்சிருக்கும், அது தனி தலைவலி. 2012ல போலீஸுக்கு தலைமறைவா சுத்திட்டிருந்த ஆன்டிவைரஸ் புகழ் ஜான் மெக்அஃபியை ஒரு பத்திரிகை பேட்டி எடுத்து போட்டோ போட்டுச்சு, அந்த ஃபைல்ல ஜிபிஎஸ் விவரம் அப்படியே இருந்ததுல அவரு குவாத்தமாலாவுல இருக்குறது ஊருக்கே தெரிஞ்சு போச்சு. பெரிய சோஷியல் மீடியா கம்பெனிங்க போஸ்ட்ல இருந்து அதை எடுத்துடுறாங்க, ஆனா மெயில்ல அனுப்புனா, டாக்குமென்ட்டா அனுப்புனா அப்படியே போகும். கேமரா செட்டிங்ஸ்ல லொகேஷனை ஆஃப் பண்ணிடுங்க. பேரன் போட்டோவை குடும்ப குரூப்ல போடுங்க, அங்க லைக்கும் நிறைய வரும், உண்மையான லைக்கா வரும்.

ஓடுறதை எல்லாம் ஆப்ல போட்டு பிரெண்ட்ஸ் கூட போட்டி போடுறோம். இதுல என்ன ஆபத்து இருக்கப்போகுது? (ஓட்டக்காரர்)

ஆப் பேரு ஸ்ட்ராவான்னா 2018 ஜனவரி செய்தியை தேடிப் படிங்க. உலகம் பூரா ஜனங்க ஓடுன தடத்தை எல்லாம் பேரு இல்லாம ஒரே மேப்பா போட்டாங்க, பாலைவனத்துக்கு நடுவுல யாருமே இல்லாத இடத்துல பளபளன்னு கோடு, பாத்தா ராணுவ முகாமை சுத்தி சிப்பாய்ங்க ஓடுன ஓட்டம். ஆஸ்திரேலியாவை சேர்ந்த ஒரு காலேஜ் மாணவர் கண்டுபிடிச்சு சொன்னாரு. உங்க விஷயத்துல எல்லா ஓட்டமும் ஆரம்பிக்கிற, முடியுற புள்ளி வீட்டு வாசல்தானே, அதை மறைக்கிற செட்டிங் ஆப்லயே இருக்கு, போட்டுட்டு ஓடுங்க.

ஆன்லைன்ல டிஎன்ஏ கிட் வாங்கி எச்சில் அனுப்புனா பூர்வீகம் தெரியுமாம். பண்ணலாமா? (வரலாறு ஆர்வலர்)

நான் பண்ண மாட்டேன். பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம், கார்டு போனா வேற கார்டு வரும், இதை எப்படி மாத்துவீங்க? அதை விட, அது உங்க ஒருத்தர் சொத்து இல்ல. 2018ல கோல்டன் ஸ்டேட் கில்லர்னு பல வருஷமா தேடுன கொலைகாரனை அமெரிக்க போலீஸ் புடிச்சது அவன் குடுத்த டிஎன்ஏவால இல்ல, அவன் எங்கயும் எதையும் ஏத்தவே இல்ல, தூரத்து சொந்தக்காரங்க ஒரு வெப்சைட்ல ஏத்தி வெச்சிருந்தாங்க. அங்க புடிபட்டது கொலைகாரன், சந்தோஷம். ஆனா அதே வழி எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு.

23அண்ட்மீன்னு இந்த டிஎன்ஏ கிட் விக்கிற பெரிய கம்பெனி, 2023ல அங்க நடந்ததை பாருங்க. வேற சைட்ல திருடு போன பாஸ்வேர்டையே இங்கயும் வெச்சிருந்தவங்க சுமார் 14,000 பேரு அக்கவுண்ட்டுக்குள்ள திருடங்க நுழைஞ்சாங்க, ஆனா 'சொந்தக்காரங்களை காட்டு'ங்கிற வசதி வழியா 69 லட்சம் பேரோட விவரம் போச்சு. அந்த 69 லட்சத்துல கிட்டத்தட்ட எல்லாருமே தங்களோட அக்கவுண்ட்டுக்குள்ள திருடங்க நேரா நுழையாதவங்க, யாரோ ஒரு தூரத்து சித்தப்பா பையன் சோம்பேறித்தனத்துக்கு இவங்க மாட்டுனாங்க. 2025 மார்ச்ல கம்பெனி திவால் மனு குடுத்ததும், அந்த டேட்டாவை யாரு வாங்குவாங்கன்னு அடுத்த கவலை வந்துச்சு. உங்க பூர்வீகத்தை பழைய பத்திரங்கள்லயும் பெரியவங்க வாய்லயும் தேடுங்க சார், நீங்க வரலாறு ஆர்வலர்தானே.

ராத்திரியில தூக்கம் வராதப்ப ஏஐ சாட்பாட்கிட்ட மனசுல இருக்குறதெல்லாம் கொட்டுறேன். மனுஷங்க மாதிரி யார்கிட்டயும் போய் சொல்லாதுல்ல? (பேரு வேணாம்னு கேட்டுக்கிட்டவர்)

யார்கிட்டயாவது சொல்லி ஆறுதல் கிடைக்குதுன்னா அதை நான் பறிக்க மாட்டேன். ஆனா அந்தப் பக்கம் இருக்குறது டைரி இல்ல, ஒரு கம்பெனியோட சர்வர், அது சேமிக்கும், சில நேரம் ஆளுங்க எடுத்து பாக்கவும் செய்வாங்க, மாடலை பழக்கவும் உபயோகப்படுத்தலாம். செட்டிங்ஸ்ல டேட்டா கன்ட்ரோல்ஸ்னு ஏறக்குறைய எல்லா சாட்பாட்லயும் ஏதோ ஒரு பேர்ல இருக்கும், அங்க பயிற்சிக்கு பயன்படுத்துறதை ஆஃப் பண்ணிடலாம். 'ஷேர்' பட்டனை தொடும்போது உஷாரா இருங்க, 2025ல சாட்ஜிபிடியில ஷேர் பண்ணும்போது ஒரு டிக் போட்டவங்களோட அந்தரங்க பேச்செல்லாம் கூகுள் தேடல்ல வந்து நின்னுச்சு, அப்புறம் அந்த வசதியையே எடுத்துட்டாங்க.

கொட்டுங்க, பேரு சொல்லாம கொட்டுங்க. "என் மேனேஜர்"னு சொன்னா போதும், அவரு பேரு, கம்பெனி பேரு எதுக்கு? மருத்துவ ரிப்போர்ட்டை ஏத்தணும்னா மேல இருக்குற பேரு, நம்பர் பகுதியை வெட்டிட்டு ஏத்துங்க. தூக்கமில்லாம போறது ரொம்ப நாளா இருந்தா ஒரு டாக்டரையும் பாருங்க, அவருக்கு நோயாளி விஷயத்தை வெளிய சொல்லக்கூடாதுன்னு தொழில் கட்டுப்பாடு இருக்கு, சாட்பாட்டுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது.

ஆப்பை டிலீட் பண்ணிட்டா என் டேட்டாவும் போயிடும்தானே? (+2 மாணவர்)

போகாது தம்பி. போன்ல இருந்து ஐகான் போகும், அவ்வளவுதான். முதல்ல ஆப்புக்குள்ள போய் அக்கவுண்ட்டை டிலீட் பண்ணு, கன்ஃபர்மேஷன் மெயில் வந்ததும் ஆப்பை தூக்கு. ஐரோப்பாவுல 2018 மே 25ல இருந்து ஜிடிபிஆர்ங்கிற டேட்டா பாதுகாப்பு சட்டப்படி அழிக்க சொல்லி கேக்குறது உரிமை, சாதாரணமா ஒரு மாசத்துல பதில் சொல்லியாகணும், நிறைய கம்பெனி அதே ஃபார்மை மத்த நாட்டுக்காரங்களுக்கும் திறந்து வெச்சிருக்கு, கேட்டு பாக்குறதுல நஷ்டமில்ல.

எல்லாருக்கும் புத்தி சொல்றீங்க. உங்க பத்திரிகை வெப்சைட்டை திறந்தா "ஏத்துக்கிறேன்"னு பெரிய பச்சை பட்டன், மறுக்கிறதுக்கு மூணு பக்கம் உள்ள போகணும். இதுக்கு என்ன பதில்? (நீண்ட நாள் வாசகி)

மாட்டிக்கிட்டேன். அந்த பட்டன் அனுமதி கேக்குறது குக்கீக்கு, அதாவது சைட் நம்ம பிரவுசர்ல போட்டு வைக்கிற சின்ன குறிப்புக்கு. அதை 1994ல நெட்ஸ்கேப் பிரவுசர் கம்பெனியில லூ மோன்டுல்லி உருவாக்கினப்ப அது வெறும் ஞாபகக் குறிப்பு, சைட்டுக்கு நீங்க திரும்பி வந்தா நீங்கதான்னு தெரியணும், கூடையில போட்ட பொருள் காணாம போகக்கூடாது, அதுக்குத்தான். நீங்க போற சைட் எல்லாத்துலயும் ஒரே விளம்பர கம்பெனியோட குக்கீ உக்காந்து எல்லா இடத்தையும் கோத்து பாக்க ஆரம்பிச்சப்பதான் கதை மாறுச்சு. இந்த பச்சை பட்டன் தந்திரம் சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க, ஏத்துக்க ஒரு கிளிக், மறுக்க பல கிளிக்னு வெச்சதுக்காக 2022 ஜனவரியில பிரான்ஸ் நாட்டு டேட்டா பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் போட்டதை அறிவிச்சுது. அந்தக் கணக்குப்படி பாத்தா எங்க ஆபீஸையே வித்தாலும் பத்தாது.

நீங்க உங்க பக்கம் பண்ணக்கூடியது, பிரவுசர் செட்டிங்ஸ்ல தேர்டு பார்ட்டி குக்கீயை (அந்த மாதிரி வெளி கம்பெனி வைக்கிற குக்கீ) பிளாக் பண்ணிடுங்க, ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ரெண்டும் இந்த டிராக்கர் குக்கீ வேலையை தானாவே கட்டுப்படுத்துது, அதுக்கப்புறம் பச்சை பட்டனை அமுக்கினா கூட பாதிப்பு ரொம்ப குறைவு. எங்க பக்கம் பண்ண வேண்டியதுக்கு, உங்க கேள்வியை ஒரு வார்த்தை மாத்தாம ஆசிரியருக்கும் வெப்சைட் பாக்குற டீமுக்கும் அனுப்பி, மறுக்கிற பட்டனும் முதல் பக்கத்துலயே அதே சைஸ்ல வேணும்னு கேட்டிருக்கேன். விளம்பரப் பிரிவுல இருந்து "வருமானம் என்ன ஆகும்னு யோசிச்சீங்களா"ன்னு ஒரு பதில் வந்துச்சு. ஆசிரியர் இன்னும் வாய் திறக்கல, அடுத்த இதழ் வந்ததும் நீங்களே சைட்டை திறந்து பாத்து எழுதுங்க.